பழைய பு-எர் தேநீர்: சுவை அறிந்து, வடித்து, வடசென்னைக் காற்றில் காக்கும் முறை

கப்பலில் வேலை பார்த்த என் தாய்மாமா, தொண்ணூறுகளில் ஹாங்காங்கிலிருந்து திரும்பியபோது, வறட்டியைப் போல வட்டமாகவும் கறுப்பாகவும் இருந்த ஒரு பொருளைக் காகிதத்தில் சுற்றி எங்கள் இராயபுரம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அது தேயிலை என்று அவர் சொன்னதை வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. அம்மா அதை மளிகை அலமாரியில், கட்டிப் பெருங்காயத்துக்கும் கருவாட்டு டப்பாவுக்கும் நடுவே வைத்துவிட்டார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, பழைய பு-எர் தேயிலையின் அருமையைப் பிறர் சொல்லக் கேட்டு நான் அதைத் தேடி எடுத்துக் காய்ச்சியபோது, பெருங்காயம் தூக்கலான கருவாட்டு ரசத்தைக் குடித்ததுபோல இருந்தது. அந்தத் தேயிலைக்கு வயது குறைவில்லை. இருந்த இடம்தான் அதைக் கெடுத்தது. பழைய பு-எரைப் பற்றி நான் பின்னாளில் கற்றுக்கொண்ட பெரும்பாலானவை, அன்று வாயில் நின்ற அந்த வாடையிலிருந்து தொடங்கியவையே.

எது பு-எர், எது பழையது

சீனாவின் தென்மேற்கில் உள்ள யுன்னான் மாநிலத்தில் விளையும் பெரிய இலைத் தேயிலையைக் கொண்டு செய்யப்படுவது பு-எர். அசாமில் விளைவதும் இதே பெரிய இலை வகைதான் என்பதால், நம் டீக்கடைத் தூளுக்கு இது முற்றிலும் அந்நியமான பொருளன்று. ஷிஷுவாங்பன்னா, பு-எர், லின்சாங் ஆகிய மூன்று வட்டாரங்களே இதன் முதன்மையான விளைநிலங்கள். இவற்றுள் ஷிஷுவாங்பன்னா பர்மாவையும் லாவோசையும் ஒட்டிக் கிடக்கிறது. பர்மாவிலிருந்து திரும்பி வியாசர்பாடியில் குடியேறிய குடும்பங்களின் மூத்தவர்களுக்கு, ஊறிய தேயிலையோடு எண்ணெயும் வறுத்த பருப்பும் சேர்த்துப் பிசைந்து தின்னும் லபெட் நினைவிருக்கும். அந்த நாட்டின் எல்லையைத் தாண்டினால் பு-எரின் மலைகள் வந்துவிடும். மலைத் தேயிலை வந்து குவிந்து விற்பனையான ஊரின் பெயரே தேயிலைக்கும் ஆயிற்று. சிமாவ் என்று வழங்கிவந்த நகரம் 2007ஆம் ஆண்டில்தான் மீண்டும் பு-எர் என்று பெயர் மாற்றப்பட்டது. அங்குள்ள ஜிங்மாய் மலையின் பழந்தேயிலைக் காடுகள் 2023இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

பறித்த இலையைச் சிறிது வாடவிட்டு, இரும்புக் கடாயில் புரட்டி வறுத்து, உருட்டிப் பிசைந்து, வெயிலில் காயவைக்கிறார்கள். பச்சைத் தேயிலை செய்பவர்கள் இலையின் நொதிகளைச் சூட்டினால் முழுவதுமாக அடக்கிவிடுவார்கள். பு-எரில் அவ்வளவு தூரம் போவதில்லை, உலர்த்துவதையும் வெயிலிடமே விட்டுவிடுகிறார்கள். அதனால் இலைக்குள் மாறுவதற்கு இடம் மிச்சமிருக்கிறது. பிறகு இலையை ஆவியில் இளக்கி, வட்டாகவோ செங்கல்லாகவோ கிண்ண வடிவிலோ அழுத்துகிறார்கள். வழக்கமான வட்டின் எடை 357 கிராம். ஏழு வட்டுகளை மூங்கில் மடலில் சுற்றிக் கட்டினால் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ வரும்.

இதில் இரு வகைகள் உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் ஏமாற்றமும் ஏமாற்றும் இங்கேதான் தொடங்குகின்றன. அழுத்தியபின் தானாகவே பல்லாண்டுகள் முதிரவிடப்படுவது ஷெங், அதாவது பழுக்கவைக்காத வகை. யுன்னானிலுள்ள குன்மிங், மெங்ஹாய் ஆலைகளில் 1970களின் முற்பகுதியில் உருவான முறைப்படி, இலையைக் குவித்து, நீர் தெளித்து, துணி மூடி, அவ்வப்போது கிளறி, ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதம் வரை நொதிக்கவைத்துச் செய்வது ஷௌ, அதாவது பழுக்கவைத்த வகை. மரத்தில் பழுத்த பழத்துக்கும் புகை போட்டுப் பழுக்கவைத்த வாழைத்தாருக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரண்டுக்கும் இடையே நினைத்துக்கொள்ளலாம். ஆனால் ஷௌ போலி என்று இதற்குப் பொருளில்லை. பத்து ஆண்டுகள் ஆறிய நல்ல ஷௌ, கெட்ட இடத்தில் முப்பது ஆண்டுகள் கிடந்த ஷெங்கைவிட எனக்கு எப்போதும் உயர்வு. பழுக்கவைத்ததன் கறுப்பைக் காட்டி, “இது பாட்டன் காலத்துத் தேயிலை” என்று விலை சொல்வதுதான் தவறு.

நம் ஊரில் பழம்புளிக்கும் பழைய அரிசிக்கும் தனி மதிப்பு உண்டு. புதுப்புளியின் வெடுக்கென்ற புளிப்பு, உப்போடு பானையில் கிடந்து கறுக்கக் கறுக்க அடங்குவதைப் பார்த்தவர்களுக்கு, பு-எர் முதிர்வதை விளக்க வேண்டியதில்லை. இலையில் துவர்ப்பைத் தரும் கேட்டகின்கள் காற்றாலும் ஈரத்தாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் முதலான பூஞ்சைகளாலும் ஈஸ்ட்டுகளாலும் மெல்லக் குறைந்து, தியாபிரவுனின் என்னும் பழுப்பு நிறப் பொருள்களாகச் சேர்கின்றன. துவர்ப்பு தணிகிறது, நிறம் ஆழ்கிறது, மெத்தாக்ஸி பென்சீன் வகைச் சேர்மங்கள் அந்தப் பழைய மணத்தைக் கொடுக்கின்றன. இந்த மாற்றத்தின் வேகம் முழுவதும் இடத்தைப் பொறுத்தது. வறண்ட குளிர்ந்த குன்மிங்கில் இருபது ஆண்டுகள் இருந்த வட்டு இன்னும் இளமையாக இருக்கும். ஆண்டு முழுவதும் வெக்கையும் ஈரமும் உள்ள மலேசியாவில் அதே வட்டு பாதிக் காலத்தில் கறுத்து முதிர்ந்துவிடும். ஆகவே விற்பவரிடம் “எத்தனை வயது?” என்று கேட்பதற்கு முன், “எங்கே இருந்தது?” என்று கேளுங்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

உறைமேல் அச்சிட்ட ஆண்டை மட்டும் நம்பக் கூடாது, காகிதத்தை யாரும் அச்சிடலாம். எண்களையும் தவறாகப் படிக்கிறார்கள். 7542 என்ற புகழ்பெற்ற எண்ணைக் கண்டு 1975ஆம் ஆண்டின் தேயிலை என்று மயங்குபவர்கள் பலர். 75 என்பது அந்தக் கலவை வகுக்கப்பட்ட ஆண்டைக் குறிக்கிறது. 4 என்பது இலையின் தரம். 2 என்பது மெங்ஹாய் ஆலை. போன ஆண்டு அழுத்திய வட்டிலும் இதே எண் இருக்கலாம். 2007ஆம் ஆண்டில் பு-எர் விலை தாறுமாறாக ஏறி அதே ஆண்டில் சரிந்தது. அந்த ஏற்றத்தின்போது அவசரத்தில் செய்த வட்டுகளும் இன்று “பழையது” என்ற பட்டத்தோடு சந்தையில் உலவுகின்றன என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முழு வட்டை ஒருபோதும் முதலில் வாங்காதீர்கள். இருபது, முப்பது கிராம் மாதிரியை வாங்கி வீட்டில் வடித்துப் பாருங்கள். இறக்குமதியான பொட்டலமாக இருந்தால், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண்ணும் இறக்குமதியாளரின் முகவரியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வடித்த பின் சக்கையை விரலால் விரித்துப் பார்ப்பதே நம்பகமான சோதனை. முதிர்ந்த ஷெங்கின் இலை பழுப்பாக இருந்தாலும் தோல்போல இழுவை கொடுக்கும், பெரும்பாலும் விரிந்துகொள்ளும். ஷௌவின் இலை கறுத்து, நசுக்கினால் குழையும் அல்லது நொறுங்கும். அளவு மீறிய ஈரத்தில் வெந்துபோன இலையோ கரித்துண்டுபோல இறுகி, எத்தனை முறை வெந்நீர் ஊற்றினாலும் விரியாது. வடிநீரைக் கண்ணாடிக் கிளாசில் ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்: நன்கு முதிர்ந்த ஷெங், எவ்வளவு கறுஞ்சிவப்பாக இருந்தாலும் தெளிவாக ஒளிவிடும். கலங்கலும் மந்தமும் இருந்தால் சேமிப்பில் கோளாறு இருந்திருக்கலாம்.

பூஞ்சை விஷயத்தில் நான் கண்டிப்பானவன். பச்சை, மஞ்சள், கறுப்பு நிறத்தில் பஞ்சுபோலப் பூத்திருக்கும் வட்டைத் தட்டித் துடைத்துக் குடிக்கலாம் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். கெட்ட பூஞ்சை தரும் நஞ்சுகள் வெந்நீரில் அழிவதில்லை.

சுவை

முதல் வாயில் பெரும்பாலோர் சொல்வது “மண் வாசனை” என்பதே. அது சரியான சொல்தான், ஆனால் போதாது. நல்ல பழைய ஷெங்கில் நான் அடிக்கடி அறிவது, ராசப்ப செட்டித் தெருவின் நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்ததும் வரும் கலவையான மணம்: உலர்ந்த வேரும் பட்டையும் மரமும் எங்கோ ஓர் ஓரத்தில் பச்சைக் கற்பூரமும். சீனர்களும் கற்பூர மணம், மருந்து மணம், இலந்தை மணம் என்றே பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். பழுக்கவைத்த ஷௌவில் பேரீச்சை, கருப்பட்டி, ஈரமரம் போன்ற கனத்த இனிப்பு மேலோங்கும். அதன் வடிநீர் கஞ்சித் தெளிவைப்போல நாக்கில் வழுவழுவென்று படியும்.

சீனர்கள் ஹுய்கான் என்று போற்றும் ஒன்று உண்டு. விழுங்கிய பின் தொண்டையிலிருந்து இனிப்பு திரும்பி வருவதை அச்சொல் குறிக்கும். இதை மற்ற நாட்டவருக்கு விளக்கப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருக்கும். நமக்கு ஒரு வரி போதும். நெல்லிக்காயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் வரும் இனிப்புதான் அது. பள்ளிக்கூட வாசலில் உப்பு தடவிய நெல்லிக்காய் வாங்கித் தின்று, குழாயில் வாய் வைத்துக் குடித்தவர்கள் அனைவருக்கும் இந்தச் சுவைப் பயிற்சி ஏற்கெனவே முடிந்துவிட்டது. முதிர்ந்த ஷெங்கில் மூன்றாவது, நான்காவது வடிப்பிலிருந்து இந்த இனிப்பைத் தேடுங்கள். வராவிட்டால், தேயிலையின் வயது பற்றிச் சொல்லப்பட்டதை ஐயுறலாம்.

விரும்பத்தகாத மணங்களையும் அறிந்திருக்க வேண்டும். பல மாதம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் வரும் ஓத வாடை இலேசாக இருந்தால், தேயிலையை உதிர்த்துச் சில வாரம் காற்றாட வைத்தால் போய்விடும். மீன் வாடை, புளித்த வாடை, தொண்டையைப் பிடிக்கும் உலர்வு ஆகியவை போகமாட்டா. அண்மையில் செய்த ஷௌவில் குவியலின் வாடை சிறிது இருப்பது இயல்பு. ஓரிரு ஆண்டுகளில் அது அடங்கும்.

உடலில் என்ன செய்கிறது

பு-எர் கொழுப்பைக் கரைக்கும், தொப்பையைக் குறைக்கும் என்று விற்பவர்களின் கூற்றுகளை நம்பி இதை வாங்க வேண்டாம். தியாபிரவுனின் குடல் நுண்ணுயிர்களின் வழியே இரத்தக் கொழுப்பைக் குறைக்கக்கூடும் என்று எலிகளிலும் சிறு எண்ணிக்கையிலான மனிதர்களிலும் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2019இல் வெளியானது உண்மையே. ஆனால் அதைக் கொண்டு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்துவது மடமை. ஹாங்காங்கில் கொழுப்பு மிகுந்த சிற்றுண்டிகளோடு பு-எர் குடிக்கும் வழக்கம் வேரூன்றியது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குப் பின் ஒரு கோப்பை ஷௌ குடித்தால் வயிறு கனம் குறைந்ததுபோல எனக்கும் தோன்றுகிறது. சூடான எந்தக் கட்டஞ்சாயாவும் அதைத்தான் செய்யும் என்று என் மனைவி சொல்கிறார், அவரை மறுக்க என்னிடம் சான்று இல்லை.

காஃபீன் பற்றித் தெளிவாக இருப்போம். முதிர்ந்த தேயிலையில் காஃபீன் மறைந்துவிடும் என்பது பிழை. உலர் இலையில் எடைக்கு ஏறத்தாழ 2 முதல் 4 சதவீதம் காஃபீன் இருப்பது வழக்கம்; ஆறு கிராம் இலையைத் தனியாக உட்கார்ந்து பத்து வடிப்பாகக் குடித்தால், அதிலுள்ளதில் பெரும்பகுதி உங்களுக்குள் போய்விடும். முதல் நீரைக் கொட்டிவிடுவதால் காஃபீனும் போய்விடுகிறது என்பதும் தவறு, பத்து விநாடியில் கரைவது சிறு பங்கே. ஆகவே மாலை ஐந்து மணிக்குப் பிறகு தொடங்காதீர்கள். கருவுற்றவர்கள், உறக்கக் குறைவோ படபடப்போ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. வெறும் வயிற்றில் அழுத்தமாகக் குடித்தால் தலை கிறுகிறுக்கும், கை நடுங்கும். சீனர்கள் இதைத் தேநீர் மயக்கம் என்பார்கள். ஒரு கடலைமிட்டாய் போதும், சரியாகிவிடும்.

தேநீரிலுள்ள பாலிஃபீனால்கள் காய்கறி, கீரை, தானியங்களின் இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். இரத்தசோகை உள்ளவர்கள் உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்கவே கூடாது. முற்றிய இலையால் செய்த மலிவான செங்கல் தேயிலையில் புளோரைடு மிகுதியாக இருக்கும். திபெத்தில் அதை நாள் முழுவதும் காய்ச்சிக் குடித்தவர்களுக்கு எலும்பு நோய் வந்தது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. எப்போதாவது சிறு கோப்பையில் குடிப்பவர்களுக்கு இந்தக் கவலை தேவையில்லை.

தண்ணீர்

வடசென்னையில் இந்தத் தேநீரைக் கெடுப்பதில் இலைக்கு அடுத்த இடம் தண்ணீருக்குத்தான். தண்டையார்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ ஆழ்துளைக் கிணற்று நீரில் தேநீர் வைத்தவர்களுக்கு, மேலே எண்ணெய் படர்ந்ததுபோல ஓர் ஆடை மிதப்பது தெரியும். நீரிலுள்ள சுண்ணாம்புச்சத்தும் தேயிலையின் பாலிஃபீனால்களும் சேர்ந்து உண்டாக்கும் படலம் அது. அந்த நீரில் மிக நல்ல ஷெங்கும் மந்தமான கறுப்புத் தண்ணீராகிவிடும், மணம் எழும்பாது.

மறுபக்கம், கடும் வடிகட்டல் செய்யும் ஆர்.ஓ. இயந்திரத்தின் நீர் வெறுமையானது. அதில் தேநீர் கூர்மையாகவும் உள்ளீடற்றதாகவும் தோன்றும். குடிநீரில் கரைந்த உப்புகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு வைத்திருக்கும் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். தேநீருக்கு 50 முதல் 150 வரை இருந்தால் போதுமானது. கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கி, வீட்டு ஆர்.ஓ. நீர், குழாய் நீர், கேன் தண்ணீர் மூன்றையும் அளந்து பாருங்கள். எங்கள் வீட்டில் ஆர்.ஓ. நீர் மூன்று பங்கும் மெட்ரோ குழாய் நீர் ஒரு பங்கும் கலந்தபோதுதான் சுவை சரியாக வந்தது. உங்கள் தெருவில் இந்தக் கணக்கு மாறும். அதிலும் ஏரி நீர் வரும் பகுதிக்கும் கடல்நீரைச் சுத்திகரித்த நீர் வரும் பகுதிக்கும் சுவை ஒன்றாக இருக்காது. குழாய் நீரில் குளோரின் வாடை இருந்தால், முதல் நாள் இரவே திறந்த பாத்திரத்தில் பிடித்து வைத்துவிடுங்கள். லாரித் தண்ணீரைத் தேநீருக்குப் பயன்படுத்தும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

ஒரு நல்வாய்ப்பு நமக்கு உண்டு. குன்மிங் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே நீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். கடலோரத்தில் இருக்கும் நமக்கு முழு நூறு டிகிரி கிடைக்கிறது. பழைய பு-எர் அந்த முழுச் சூட்டைத்தான் கேட்கிறது.

வடித்தல்

வட்டை உடைக்கத் தனிக் கத்தி விற்கிறார்கள். நான் பயன்படுத்துவது, கிடங்குகளில் மூட்டை தைக்கும் கோணி ஊசி. அதைக் கழுவிக் காயவைத்து, வட்டின் ஓரத்திலிருந்து அடுக்குகளுக்கிடையே படுக்கையாகச் செலுத்தி, மெல்ல நெம்பினால் இலை முறியாமல் உதிரும். ஊசியின் முனை எப்போதும் மற்றக் கையை விலகிய திசையில் இருக்கட்டும்; என் இடது கட்டைவிரலில் உள்ள தழும்பு இதைச் சொல்லும் உரிமையை எனக்குத் தருகிறது. உதிர்த்த இலையை உடனே வடிக்காமல், மூடி தளர்வாக உள்ள மண்கலயத்திலோ பீங்கான் ஜாடியிலோ இரண்டு வாரம் வைத்தால், இறுகிக் கிடந்த இலை காற்று வாங்கி மணம் கொள்ளும். பொறுமை இருந்தால் ஒரு மாதம்.

மூடியுள்ள சிறு பீங்கான் கோப்பையான கைவான், இதற்கு மிக ஏற்றது. ஜியாங்சு மாநிலத்து யிஷிங் களிமண் குடுவையைப் பெரியோர் பாராட்டுவார்கள்; அது துவர்ப்பைச் சற்றே மழுக்கும். ஆனால் தொடக்கத்தில் பீங்கானே நல்லது, இலையின் குறையையும் நிறையையும் அது மறைக்காது. கைவான் கிடைக்காவிட்டால், 100 முதல் 120 மில்லி கொள்ளும் எந்தப் பீங்கான் கோப்பையும் ஒரு தட்டுமே போதும். கொசப்பேட்டைக் குயவரிடம் புதுக்கலயம் வாங்கி வடிக்க முயன்றவன் நான். ஒரு வாரம் ஊறவைத்தும் மண்ணின் மணமே தேநீரை ஆண்டது. அந்தக் கலயங்களைச் சேமிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இலை ஆறு கிராம், கோப்பை 100 மில்லி என்று வைத்துக்கொள்வோம். கண் அளவை நம்பாமல், நகை எடை பார்க்கும் சிறு மின்னணுத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள், அழுத்திய தேயிலை கண்ணை ஏமாற்றும். கோப்பையில் வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிக் கொட்டுங்கள். சூடான வெற்றுக் கோப்பையில் இலையைப் போட்டு மூடி, அரை நிமிடம் கழித்து மூடியைத் திறந்து முகருங்கள். உலர்ந்த இலை தன் வரலாற்றைச் சொல்லும் நேரம் அதுவே. பிறகு தளதளவென்று கொதிக்கும் நீரை ஊற்றிப் பத்து விநாடியில் அப்படியே கொட்டிவிடுங்கள். நெடுங்காலம் கிடந்த இலையின் தூசியைப் போக்கவும், அதை இளக்கவும் இந்த முதல் நீர் உதவுகிறது. இலை இறுகலாக இருந்தாலோ ஷௌவாக இருந்தாலோ இரண்டு முறை செய்யலாம். அதன்பின் மூடியை மூடி ஒரு நிமிடம் விட்டுவிடுங்கள், எஞ்சிய ஆவி இலைக்குள் புகும்.

இனி வடிப்பு. முதல் இரண்டும் பத்துப் பத்து விநாடி, மூன்றாவது பதினைந்து, பின்னர் இருபது, முப்பது, நாற்பத்தைந்து, ஒரு நிமிடம் என்று நீட்டிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு முறையும் நீர் மீண்டும் கொதிக்க வேண்டும், ஆறிய நீரில் பழைய இலை வாய் திறக்காது. வடிநீரை நேரே குடிக்கும் கோப்பைகளில் ஊற்றாமல் ஒரு கண்ணாடிக் குவளையில் முழுவதும் இறக்கிவிட்டுப் பங்கிடுங்கள், இல்லையெனில் முதலில் ஊற்றியவருக்கு வெறும் வெந்நீரும் கடைசியில் ஊற்றியவருக்குக் கசாயமும் கிடைக்கும். இலையின் மேல் நீரைத் தங்கவிடாமல் கடைசிச் சொட்டுவரை வடிக்க வேண்டும். வடிப்பு அழுத்தமாகிவிட்டால் நேரத்தைக் குறையுங்கள், நீரின் சூட்டைக் குறைக்காதீர்கள். நல்ல ஷெங் பத்துப் பன்னிரண்டு வடிப்புகளைத் தாங்கும்.

சுவை தேய்ந்ததும் இலையைக் கொட்டிவிட வேண்டாம். அரை லிட்டர் நீரில் போட்டுச் சிறு தீயில் ஐந்து முதல் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால், நிறம் குறைந்த ஆனால் நன்கு இனிக்கும் ஒரு கடைசிப் பாத்திரம் கிடைக்கும். எங்கள் வீட்டில் பு-எர் பிடிக்காதவர்கள்கூட இதைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள்.

இவ்வளவு சடங்குக்கு நேரமில்லாதவர்களுக்கு ஃபிளாஸ்க் முறை உண்டு. மூன்று கிராம் இலையை ஒருமுறை வெந்நீரில் அலசி, அரை லிட்டர் ஃபிளாஸ்கில் போட்டு, கொதிநீர் ஊற்றி மூடிவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தால் தேநீர் தயார். துறைமுகத்தில் இரவுப் பணிக்குச் செல்லும் என் தம்பி இப்படித்தான் ஷௌவைக் கொண்டுபோகிறான். சாதாரணத் தேயிலை இவ்வளவு நேரம் ஊறினால் வாயில் வைக்க முடியாது; துவர்ப்பு அடங்கிய பழைய இலைக்கு மட்டும் இது பொருந்தும்.

பால் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். ஷௌவில் சேர்த்துப் பார்ப்பதில் குற்றமில்லை. திபெத்தியர் செங்கல் தேயிலையில் வெண்ணெயும் உப்புமே சேர்க்கிறார்கள். ஹாங்காங்கில் உலர்ந்த சாமந்திப்பூவைச் சேர்ப்பதும் நல்ல வழக்கம். இருபதாண்டு ஷெங்கில் பால் ஊற்றுபவரை மட்டும் நான் என் வீட்டில் மறுமுறை உபசரிப்பதில்லை.

உப்புக்காற்றில் சேமித்தல்

பு-எரை முதிரவிட 20 முதல் 30 டிகிரி வெப்பமும் 60 முதல் 70 சதவீதம் ஈரப்பதமும் போதும். நம் பகுதியில் வெப்பத்துக்குப் பஞ்சமில்லை. ஈரப்பதம்தான் ஆண்டின் பெரும்பகுதியில் இந்த எல்லையைத் தாண்டுகிறது. குன்மிங்வாசிகள் தேயிலைக்கு ஈரம் ஊட்டச் செய்யும் வேலைகள் எவையும் நமக்குத் தேவையில்லை. ஈரத்தைத் தடுப்பதே நம் வேலை. ஈரப்பதம் காட்டும் சிறு கருவி ஒன்றை அலமாரிக்குள் வைத்து, 75ஐத் தாண்டும் நாள்களைக் கவனித்து வாருங்கள்.

தரைத்தள வீடுகளில் சுவர் ஓதம் காக்கும், ஆகவே சுவரை ஒட்டிய அலமாரி ஆகாது. வெள்ளம் வரும் தெருவில் தரைமட்டத்தில் எதையும் வைப்பதற்கில்லை என்பதை 2015க்கும் 2023க்கும் பின் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மொட்டைமாடிக்குக் கீழேயுள்ள பரணும் ஆகாது. அக்கினி நட்சத்திரக் காலத்தில் அங்கே தேயிலை வெந்து, உலர்ந்த புளிப்பை ஏற்றுக்கொள்ளும். குளிர்ப்பெட்டியும் வேண்டாம், அதன் வாடை ஒட்டும், வெளியே எடுத்ததும் இலைமேல் நீர் கோத்துக்கொள்ளும். படுக்கையறையில், வெளிச்சம் படாத, உட்சுவரோரத்து மர அலமாரியின் நடுத்தட்டுதான் நான் கண்ட நல்ல இடம். அங்கும் அந்துருண்டை, சாம்பிராணி, ஊதுவத்தி, நறுமணத் தைலம் எதுவும் இருக்கக் கூடாது. தேயிலை மணத்தை உறிஞ்சும் வேகத்தை என் வீட்டுக் கருவாடு மெய்ப்பித்திருக்கிறது.

வட்டை அதன் காகித உறையோடு, தடித்த அட்டைப்பெட்டியிலோ, நன்றாகக் காய்ந்த மண்கலயத்திலோ வையுங்கள். ஷெங்கையும் ஷௌவையும் பிரித்து வைப்பது நல்லது. ஜனவரி முதல் செப்டம்பர் வரை இந்த அளவு காற்று போதும். மாதம் ஒருமுறை திறந்து முகர்ந்து, வட்டின் மடிப்புகளை வெளிச்சத்தில் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், அக்டோபர் முதல் வாரத்தில், வெயில் காயும் ஒரு நண்பகலில் வட்டுகளை எடுத்து, இரட்டைப் பூட்டுள்ள தடித்த உறைகளில் காற்றை வெளியேற்றி மூடிவிடுங்கள். ஈரமான நாளில் மூடினால் ஈரமும் உள்ளே பூட்டப்பட்டுவிடும். ஆகவே நாளைப் பார்த்துச் செய்ய வேண்டும். முதிர்ச்சி அந்த மூன்று மாதம் மந்தமாகும், அதனால் குறையில்லை.

மழை டிசம்பரிலேயே ஓய்ந்துவிட்டாலும் உறைகளை உடனே பிரித்துவிடாதீர்கள். போகியன்று விடியற்காலையில் நம் தெருக்களில் எரியும் பழம்பாயும் டயரும் எழுப்பும் புகை, சன்னல் இடுக்கு வழியே வீட்டுக்குள் வந்து இரண்டு நாள் நிற்கும். மாட்டுப் பொங்கலும் கழிந்து, துவைத்த துணியில் புகைவாடை இல்லை என்று உறுதியான பின் தேயிலையைத் திறந்து காற்றாட விடுங்கள்.